கையும் புரியும்: மூலக்கூற்றிலும் அணுத்துகளிலும் வலம் இடம்

வலக்கையும் இடக்கையும் ஒத்த உறுப்புகள் என்பது உலக வழக்கு. விரல்களின் எண்ணிக்கையும் நீளமும், மூட்டுகளின் அமைவும், உள்ளங்கையின் அகலமும் இரு கைக்கும் ஏறத்தாழ ஒன்றே. ஒரு கையை அளந்து குறித்த அளவுகளை மட்டும் கொண்டு அது வலக்கையா இடக்கையா என்று எவராலும் கூறல் இயலாது. ஆயினும் வலக்கைக்குத் தைத்த உறை இடக்கைக்குப் பொருந்துவதில்லை. வலக்கையை எங்ஙனம் திருப்பினும் புரட்டினும் அஃது இடக்கை ஆதல் இல்லை. ஆடியின்முன் நீட்டியவழி, ஆடியினுள் மட்டுமே இடக்கையாய்த் தோன்றுகின்றது. ஆடியிற் காணும் தன் உருவோடு பொருந்தி ஒன்றாகாத இப்பண்பினைக் கெல்வின் பெருமகனார் 1893ஆம் ஆண்டு ஆக்சுபோர்டில் ஆற்றிய சொற்பொழிவில் 'கைராலிட்டி' எனப் பெயரிட்டு வழங்கினார். கை என்னும் பொருளுடைய 'கெயிர்' என்ற கிரேக்கச் சொல்லினின்றும் அவர் ஆக்கிக்கொண்ட சொல் அது.

கிரேக்கச் சொல்லும் நம் 'கை'யும் ஒலியால் நெருங்கி நிற்பதைக் கண்டு, இரண்டும் ஒரு வேரிற் பிறந்தன என முடிவுகட்டும் ஆர்வம் தமிழ் பயில்வோர்க்கு எழுதல் இயல்பே. ஆயின், அக் கிரேக்கச் சொல்லுக்கு இட்டைட்டு, ஆர்மீனியம் முதலிய இந்தோ-ஐரோப்பிய மொழிகளில் உறவுச் சொற்கள் உள. தமிழ்ச் சொல்லுக்குக் கன்னடத்தும் தெலுங்கினும் உறவுச் சொற்கள் உள. இரு குடும்பங்களும் தத்தம் சொல்லைத் தாமே விளக்கிக் கொள்கின்றன. ஒலியொப்புமை ஒன்றே பற்றி உறவு நாட்டல் மொழிநூல் நெறி அன்று. எனவே இதனை இங்கேயே விடுத்து மேற்செல்வோம்.

கெல்வினார் சொல்லைத் தமிழிற் பெயர்க்குங்கால் முதற்கண் தோன்றும் இடர்ப்பாடு நகைப்பிற்குரியதாயினும் கருதத்தக்கது. கை என்னும் பெயரோடு பண்புப்பெயர் விகுதி சேர்ப்பின் 'கைம்மை' எனவரும். அச்சொல்லோ கணவனை இழந்தாள் நிலையைக் குறித்துப் பழங்காலந் தொட்டே நிலைபெற்றுவிட்டது. ஆகவே 'கைத்தன்மை' என்பதே கொள்ளத்தக்கதென யாம் கருதுகின்றோம். 'வலம்புரி', 'இடம்புரி' என்னும் வழக்குகளை ஒட்டிப் 'புரித்தன்மை' என்று ஆக்கலாமே எனின், புரி என்பது முறுக்கு. முறுக்கே இல்லாத பொருளுக்கும் கைத்தன்மை உண்டு. நம் கையே அதற்குச் சான்று. புரி என்னும் சொல்லுக்கு வேறோர் இடத்தில் வேலை காத்திருக்கின்றது. அதனைப் பின்னர்க் காண்போம்.

இவ்வாராய்ச்சி வெறுஞ்சொல்லாராய்ச்சியோ எனச் சிலர் ஐயுறலாம். பட்டவகுப்பு வரை வேதியியலைத் தமிழிற் கற்பிக்கும் இந்நாளில், 'வலம்' என்னும் ஒரே சொல்லை மூன்று வெவ்வேறு பொருள்களுக்கு வழங்கினால் மாணாக்கன் மூன்றையும் ஒன்றெனவே மயங்குவான். அம்மயக்கம் மருந்தின் பெயர்வரை செல்லும். ஆதலின் சொல்லையும் பொருளையும் ஒருங்கே ஆராய்தல் வேண்டும்.

வலம்புரிச் சங்கினையே முதற்கண் எடுத்துக்கொள்வோம். சங்க நூல்களில் பலவிடத்தும் பேசப்படுவதும், கிடைத்தற்கரியதெனப் போற்றப்படுவதும் ஆகிய இச்சங்கு, விலங்கியலார் கணக்கில் இடஞ்சுழிச் சங்கு! நம் கடற்பகுதியில் பெருவாரியாகக் கிடைக்கும் சாதாரணச் சங்கினையே அவர்கள் வலஞ்சுழி என்பர். இம்முரண்பாட்டிற்குக் காரணம் யாது? விலங்கியலார் சங்கின் கூர்முடியை மேலே நிறுத்தி, வாயைத் தம்மை நோக்கி வைத்துக் காண்பர். வாய் வலப்பக்கம் அமைந்தால் வலம் என்பர். நம்மவர் கூர்முடியைக் கீழாக்கி, நீர் ஒழுகும் நீள்முனையை மேலாக்கிக் காண்பர். அங்ஙனம் தலைகீழாக்கியவிடத்து இடப்பக்கம் இருந்த வாய் வலப்பக்கம் வருகின்றது. ஈண்டு நுணுகி நோக்கற்பாலது ஒன்றுண்டு. சங்கினைத் தலைகீழாக்கினும் அதன் முறுக்கு மாறுவதில்லை. திருகாணியை எம்முனையிலிருந்து நோக்கினும் அது வலத்திருகே அன்றோ? மாறியது பெயரே, பொருள் அன்று. இருசாராரும் வேறு வேறு சங்குகளைக் கண்டிலர். ஒரே சங்கினை வேறு வேறு நிலையில் வைத்துக் கண்டனர். மூலக்கூற்று உலகிலும் இதே வகைப் பெயர்க்குழப்பம் ஒரு நூற்றாண்டிற்கு மேல் நிலவியதைக் காணலாம்.

மூலக்கூறுகளுக்குக் கைத்தன்மை உண்டென்பது ஒளியின் வாயிலாகவே முதலில் அறியப்பட்டது. ஒளியலைகள் ஒரே தளத்தில் அதிருமாறு செய்யப்பட்ட ஒளியைத் தள முனைவுற்ற ஒளி என்பர். படிகக்கல்லாகிய குவார்ட்சின் வழியே அவ்வொளி செல்லுங்கால் அதன் தளம் திரும்புவதை 1811இல் அராகோ என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார். 1815இல் பியோ என்பார் டர்ப்பெண்டைன் தைலம் போன்ற நீர்மங்களும் இவ்வாறே ஒளித்தளத்தைத் திருப்புதலைக் கண்டார். படிகத்திலோ அணுக்கள் ஒழுங்குற அடுக்கப்பட்டுள்ளன. அடுக்கின் முறுக்கே ஒளியைத் திருப்பிற்று எனலாம். நீர்மத்தில் அடுக்கு ஏது? ஆதலின் திருப்பும் ஆற்றல் ஒவ்வொரு மூலக்கூற்றின் உள்ளமைப்பிலேயே இருத்தல் வேண்டும் என்பது பெறப்பட்டது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் லூயி பாசுடர். திராட்சைப் பழச்சாறு புளித்து மதுவாகும் மிடாக்களிற் படியும் டார்டாரிக் அமிலம் ஒளித்தளத்தை வலப்பால் திருப்புவது. அதனோடு எல்லாவகையானும் ஒத்து, ஒளியை மட்டும் திருப்பாத மற்றோர் அமிலமும் இருந்தது; அதனை ரசிமிக் அமிலம் என்றனர். இரண்டின் உப்புகளும் படிகவடிவு முதலிய யாவற்றானும் ஒன்றே என்று மிச்சர்லிக் என்னும் செருமானிய அறிஞர் 1844இல் அறிவித்திருந்தார். இருபத்தைந்தாண்டு இளைஞராகிய பாசுடர் 1848இல் அவ்வுப்பினை மீண்டும் படிகமாக்கி உருப்பெருக்கியின் துணையால் நோக்கினார். சில படிகங்களில் ஒரு சிறுமுகம் வலப்பால் சாய்ந்திருந்தது, சிலவற்றில் இடப்பால். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரு குவியல்களாக்கி, தனித்தனியே நீரிற் கரைத்தார். ஒரு கரைசல் ஒளியை வலப்பாலும், மற்றையது அதே அளவிற்கு இடப்பாலும் திருப்பின. ரசிமிக் அமிலம் புதுவதொன்று அன்று. வலமும் இடமும் சரிபாதியாய்க் கலந்து ஒன்றன் செயலை ஒன்று அழித்து நின்ற கலவையே அது.

எழுபது வயதைக் கடந்திருந்த பியோ இதனை எளிதில் நம்பவில்லை. தாமே ஆய்ந்து பார்த்த அமிலத்தைத் தந்து, தம் கண்முன்னரே உப்பினை ஆக்கச் செய்து, படிகமாகும் வரை தம்மிடமே வைத்துக்கொண்டு, பின்னர்ப் பாசுடரை அழைத்துப் பிரிக்கச் செய்தார். கரைசலைத் தாமே ஆக்கி ஒளிமானியில் நோக்கினார். உண்மை கண்டவுடன் அம்முதியவர் உள்ளம் நெகிழ்ந்து இளைஞரின் கையைப் பற்றிக்கொண்டார் என்பர். ஐயுறும் முறை இதுவே. மறுப்பதற்காக ஐயுறாது, தெளிவதற்காக ஐயுறும் முறை. இன்னொன்றும் கூறுதல் தகும். அவ்வுப்பு ஏறத்தாழ 27 பாகை செல்சியசிற்குக் கீழேதான் இவ்வாறு இருவகைப் படிகங்களாகப் பிரியும். அதற்கு மேற்பட்ட வெப்பத்தில் இரண்டும் கலந்த ஒரே வகைப் படிகமாகவே விழும். பாரிசின் குளிர் பாசுடர்க்குத் துணைநின்றது. சென்னையில் ஆண்டின் பெரும்பகுதியில் அவ்வாய்வு கைகூடியிராது.

படிகம் பிரிந்த காரணத்தை விளக்க மேலும் இருபத்தாறு ஆண்டுகள் ஆயின. 1874இல் ஆலந்து நாட்டு வாண்ட்டு ஓஃப், பிரெஞ்சு நாட்டு லெபெல் ஆகிய இருவரும் தனித்தனியே ஒரு கருத்தினை வெளியிட்டனர். கரியணுவின் நான்கு பிணைப்புகளும் தாளில் வரைவது போல் ஒரே தளத்தில் கிடப்பன அல்ல. நான்முகியின் நான்கு மூலைகளை நோக்கி விரிந்து நிற்பன. அந்நான்கு மூலைகளிலும் வெவ்வேறு தொகுதிகள் இணையின் அவற்றை இருவகையாகவே அடுக்கலாம். ஒன்று மற்றதன் ஆடியுரு. கோல்பே என்னும் பெயர்பெற்ற வேதியியலார் 1877இல் வாண்ட்டு ஓஃபை எள்ளி நகையாடினார். அவர் கால்நடை மருத்துவக் கல்லூரியிற் பணிபுரிந்ததையும் குத்திக்காட்டினார். வேதியியலுக்குரிய முதல் நோபல் பரிசு 1901இல் வழங்கப்பட்டபோது அதனைப் பெற்றவர் வாண்ட்டு ஓஃப்.

இனிப் பெயர்களுக்கு வருவோம். ஆடியுருக்களைக் குறிக்க அறிவியலார் மூன்று முறைகளைக் கையாளுகின்றனர். ஒளித்தளத்தை எப்பக்கம் திருப்புகின்றது என்பதுபற்றிக் கூட்டற்குறி, கழித்தற்குறி இடுவது ஒன்று. கிளிசரால்டிகைடு என்னும் சிறு மூலக்கூற்றோடு ஒப்பிட்டு 'டி', 'எல்' எனப் பெயரிடுவது மற்றொன்று. கரியணுவைச் சூழ்ந்த தொகுதிகளை அணுவெண் வரிசைப்படுத்தி, அவ்வரிசை கடிகாரமுள் செல்லும் போக்கில் சுற்றின் 'ஆர்', எதிர்ப்போக்கில் சுற்றின் 'எஸ்' எனல் மூன்றாவது. இவற்றுள் முதலாவது ஆய்விற் கண்ட செயல். ஏனைய இரண்டும் வடிவு. செயலும் வடிவும் ஒத்துச் செல்லும் என்னும் உறுதி இல்லை. பழங்களில் உள்ள ஃபிரக்டோசு 'டி' வகையினது. ஆயின் ஒளியை இடப்பாலே திருப்புகின்றது. நம் உடற்புரதங்களில் உள்ள அலனின் 'எல்' வகையினது. அதுவோ வலப்பால் திருப்புகின்றது. இம்மூன்றனையும் 'வலம்', 'இடம்' எனவே தமிழாக்கினால், 'வலச்சர்க்கரை இடப்பால் திருப்பும்' என்னும் பொருந்தா வாக்கியங்களை எழுத நேரும். ஒளித்திருப்பத்திற்கு மட்டும் வலஞ்சுழி, இடஞ்சுழி என்பவற்றை வைத்துக்கொண்டு, வடிவுக்குரிய எழுத்துக் குறிகளை எழுத்தாகவே வழங்கலே நேரிது என்பது எம் துணிபு. எல்லாவற்றையும் பெயர்த்தே தீர்தல் வேண்டும் என்னும் வேட்கை ஈண்டு தீங்கு பயக்கும். அன்றியும், தமிழில் 'இடம்' என்பது பக்கத்தையும் குறிக்கும், தலத்தையும் குறிக்கும். வேதியியல் நூலில் இவ்விரு பொருளும் அடுத்தடுத்து வருதல் உண்டு.

'டி', 'எல்' முறையில் சுவைமிக்க செய்தி ஒன்றுள்ளது. எமில் பிசர் அவர்கள் சர்க்கரைகளின் வடிவை வரைந்தபோது, இரு ஆடியுருக்களுள் எது வலஞ்சுழி என அறியும் வழி அக்காலத்து இல்லை. ஏதேனும் ஒன்றைக் கொள்ளவேண்டும் என்பதற்காக ஒன்றைக் கொண்டார். சரியாதற்கும் தவறாதற்கும் சம வாய்ப்பு. அறுபதாண்டளவும் வேதியியல் முழுவதும் அவ்வூகத்தின் மேலே கட்டப்பட்டது. 1951இல் ஆலந்து நாட்டு யூட்ரெக்டில் பைவோட்டு என்பாரும் அவர்தம் துணைவரும் எக்சு கதிர்களால் டார்டாரிக் அமில உப்பொன்றினை ஆராய்ந்து உண்மை வடிவைக் கண்டனர். பிசர் கொண்டது சரியாகவே அமைந்திருந்தது.

உயிர்களின் உடலில் இவ்வேறுபாடு வெறும் குறிவேறுபாடாக நிற்பதில்லை. புரதங்களை ஆக்கும் இருபது அமினோ அமிலங்களுள் கிளைசின் நீங்கலாக ஏனைய யாவும் 'எல்' வகையின. மரபுப்பொருளில் அமைந்த சர்க்கரை 'டி' வகையினது. கையுறையினுள் கை நுழைவது போல் உடலின் ஏற்பிகளுள் மூலக்கூறுகள் நுழைகின்றன. ஆதலின் உடல் ஆடியுருக்களைப் பிரித்தறிகின்றது. கார்வோன் என்னும் பொருளின் ஓர் உரு ஒருவகைப் புதினாவின் மணம் உடையது. அதன் ஆடியுரு சீமைச்சோம்பின் மணம் உடையது. உருகுநிலை, கொதிநிலை முதலியவற்றால் வேறுபடாத இரண்டினை மூக்கு பிரித்தறிகின்றது என்பது வியப்பே. இருமல் மருந்துகளிற் சேரும் டெக்ஸ்ட்ரோமெத்தார்பனின் ஆடியுருவாகிய லீவோமெத்தார்பன் அபினியின மயக்கப்பொருள்கள் போற் செயற்படுவது. மருந்துக் கடைகளில் நாம் காணும் 'லீவோ', 'டெக்ஸ்ட்ரோ' என்னும் முன்னொட்டுகள் இலத்தீன மொழியில் இடம், வலம் எனப் பொருள்படுவன.

இவ்விடத்துத் தாலிடோமைடின் வரலாறு நூல்தோறும் எடுத்துக்காட்டப்படுகின்றது. 1957இல் மேற்கு செருமனியில் விற்பனைக்கு வந்து, 1961இன் இறுதியில் அங்குத் திரும்பப்பெறப்பட்ட அம்மருந்தினால், பல நாடுகளிலும் பதினாயிரத்தின் மேற்பட்ட குழந்தைகள் உறுப்புக் குறையோடு பிறந்தனர். ஓர் ஆடியுரு நலம் செய்வது, மற்றையது தீங்கு செய்வது. நல்லதை மட்டும் பிரித்துக் கொடுத்திருப்பின் கேடு நேர்ந்திராது எனப் பலரும் எழுதுவர். இது முழு உண்மை அன்று. அம்மருந்தின் இரு உருக்களும் உடலினுள் ஒன்று மற்றொன்றாய் மாறிக்கொண்டே இருப்பன. ஒன்றை மட்டும் உட்கொண்டாலும் சில மணி நேரத்தில் இரண்டும் குருதியில் இருக்கும். எளிய கதைக்கு இயைய வேண்டி உண்மையைச் சுருக்குதல் பாடநூலார்க்கு அடாது. எனினும் ஆடியுருக்களைத் தனித்தனியே ஆராய்தல் வேண்டும் என்னும் எண்ணம் வலுப்பெற்றது. அமெரிக்க உணவு மருந்து ஆட்சியகம் 1992இல் அதற்கான நெறியினை வெளியிட்டது.

கைத்தன்மை புரியாக வடிவெடுத்தலைச் சென்னைப் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியே உலகிற்குக் காட்டிற்று. தோல், எலும்பு, தசைநாண் ஆகியவற்றிலுள்ள கொலாசன் என்னும் புரதத்தின் வடிவம் மும்மை இழை என்று ஜி. என். இராமச்சந்திரன் அவர்களும் கோபிநாத் கர்த்தா அவர்களும் 1954இல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் அதனைத் திருத்தியும் அமைத்தனர். ஒவ்வோர் இழையும் இடப்பால் முறுக்குண்டது. மூன்றும் சேர்ந்து வலப்பால் முறுக்குண்டன. கயிறு திரிப்பார் புரிகளை ஒருபால் முறுக்கி, அவற்றைச் சேர்க்குங்கால் எதிர்ப்பால் முறுக்குவர். அதனாலேயே கயிறு பிரியாது நிற்கின்றது. 'முப்புரி' என்னும் தமிழ்ச்சொல் கொலாசனுக்கு இதனினும் பொருந்துவதாக வேறொன்றைக் கூறல் அரிது. 1963இல் இராமச்சந்திரன், இராமகிருட்டிணன், சசிசேகரன் ஆகிய மூவரும் வெளியிட்ட வரைபடம், புரத இழை எவ்வெக் கோணங்களில் மடங்கலாம் என்பதைக் காட்டுவது. கைத்தன்மை இல்லாத கிளைசினுக்கு அவ்வரைபடம் ஒத்த இருபாதிகள் உடையதாகின்றது. ஏனைய அமிலங்களுக்கோ ஒருபால் சாய்ந்தே நிற்கின்றது. ஒரு கரியணுவின் கைத்தன்மை இழை முழுவதன் புரியையும் வரையறுக்கும் பான்மை அப்படத்தில் கண்கூடு.

இதுகாறும் கூறியவற்றில் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. வலம் என்பது யாது? கிழக்கு நோக்கி நிற்பார்க்குத் தென்பால் உள்ள பக்கம் எனலாம். தெற்கு யாதெனின், மீண்டும் வலத்தையே சார்தல் வேண்டும். நம் வானத்து மீன்களைக் காண இயலாத தொலையுலகத்து அறிஞர் ஒருவர்க்குச் சொற்களால் மட்டும் வலத்தை உணர்த்தல் கூடுமோ? 1956 வரை கூடாதென்றே இயற்பியலார் எண்ணினர். இயற்கைவிதிகள் ஆடியின் முன்னும் ஆடியினுள்ளும் ஒன்றே என்பது அவர்தம் உறுதிப்பாடு. அவ்வாண்டில் லீ, யாங் என்னும் சீன அறிஞர் இருவர், அணுக்கருச் சிதைவிற்குக் காரணமாகிய வலுக்குறை விசையில் இச்சமன்மை ஆய்ந்து நிறுவப்படவே இல்லை என்பதைச் சுட்டினர். சியென்-சியுங் வூ அம்மையார் வாசிங்டனில் தேசியத் தர நிலையத்து ஆய்வாளரோடு கூடி அதனை ஆய்ந்தார். கோபால்டு-60 அணுக்கருக்களைத் தனிச்சுழி வெப்பத்திற்கு ஏறத்தாழ நூற்றிலொரு பாகை அளவே மேலாகக் குளிர்வித்து, அவற்றின் தற்சுழற்சி ஒருமுகப்படுமாறு செய்து, வெளிப்படும் எலெக்ட்ரான்களை எண்ணினார். அவை இருபாலும் ஒத்து வெளிப்படவில்லை. தற்சுழற்சியின் போக்கில் விரல்களை மடக்கிப் பிடித்தால், எலெக்ட்ரான் மிகுதியாகச் செல்லும் திசையை எக்கையின் கட்டைவிரல் காட்டுமோ அதுவே இடக்கை. நிகண்டும் அகராதியும் தரவியலாத இலக்கணத்தைக் கோபால்டு தந்தது! கடவுள் இடக்கைப் பழக்கமுடையவர் எனத் தாம் நம்பவில்லை என்னும் கருத்துப்பட நண்பர்க்கு எழுதியிருந்த பௌலி, 1957 சனவரியில் முடிவு வெளியானதும் வியந்து ஒப்புக்கொண்டார். அவ்வாண்டின் நோபல் பரிசு லீ, யாங் இருவர்க்கும் கிடைத்தது. வூ அம்மையார்க்குக் கிட்டவில்லை. எம் கருத்தில் அது பெருங்குறையே.

தொலையுலகம் எதிர்ப்பொருளால் ஆயதாயின் இவ்விலக்கணம் தலைமாறும். அவ்விடர்ப்பாட்டினையும் நீக்கும் நுண்ணிய வேறுபாடு 1964இல் குரோனின், ஃபிச் முதலியோர் ஆய்விற் கண்டறியப்பட்டது. அதனை விரிப்பின் பெருகும்.

வலுக்குறை விசை துகள்களின் இடவகையையே பற்றிச் செயற்படுகின்றது என்னும் கோட்பாட்டினை 1957இல் வகுத்தவர் சுதர்சனும் அவர் ஆசிரியர் மார்சாக்கும் ஆவர். கேரளத்திற் பிறந்து சென்னைக் கிறித்துவக் கல்லூரியிற் பயின்றவர் சுதர்சன். ஃபைன்மனும் கெல்மனும் அதே முடிவை 1958இல் அச்சேற்றியதனால் புகழ் பெரிதும் அவர்பாற் சென்றது. முதலிற் கண்டவர் சுதர்சனும் மார்சாக்குமே என ஃபைன்மன் 1963இல் வெளிப்படக் கூறினார்.

துகளியலில் ஒன்றோடொன்று மயங்கும் இரு சொற்கள் உள. துகள் தான் செல்லும் திசைக்கு ஒப்பத் தற்சுழல்கின்றதா, எதிராகச் சுழல்கின்றதா என்பது ஒன்று. அது திருகாணியின் இயல்பு. முன்னர் ஒதுக்கிவைத்த 'புரித்தன்மை' என்னும் பெயர் இதற்கே உரியது. இப்பண்பு காண்பான் நிலைக்கேற்ப மாறும். துகளினும் விரைந்து அதனை முந்திச் செல்வான் ஒருவனுக்கு அது பின்னோக்கிச் செல்வதாய்த் தோன்றும், சுழற்சியோ மாறாது. எனவே வலம்புரி இடம்புரியாகும். வலுக்குறை விசை பற்றும் 'கைத்தன்மை'யோ காண்பானைச் சார்ந்தது அன்று. நிறையில்லாத் துகளை எவரும் முந்தவியலாமையின் அங்கு இரண்டும் ஒத்து நிற்கும். நிறையுடைய துகளிடத்து இரண்டும் வேறாம். சங்கினைத் திருப்பிப் பார்த்தவழிப் பெயர் மாறியதையும் முறுக்கு மாறாததையும் நினைவு கொள்வார்க்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும்.

துகளின் இடச்சார்பே உயிர்களின் 'எல்' சார்பிற்குக் காரணமோ? வலுக்குறை விசையால் இரு ஆடியுருக்களின் ஆற்றலும் இம்மியளவு வேறுபடும் என்று கணக்கிட்டுள்ளனர். அவ்வேறுபாடு இன்றுகாறும் ஆய்வில் அளந்து காட்டப்படவில்லை. வானினின்று காரணம் வந்ததோ எனத் தேடியவர், 1969இல் ஆசுதிரேலியாவின் மர்ச்சிசனில் வீழ்ந்த விண்கல்லில் சில அமினோ அமிலங்களின் 'எல்' உரு சற்றே மிகுந்திருத்தலை 1997இல் கண்டு மகிழ்ந்தனர். பென்னு என்னும் குறுங்கோளினின்று 2023இல் புவிக்குக் கொணர்ந்த மண்ணிலும் அமினோ அமிலங்கள் இருந்தன. அவற்றை ஆராய்ந்த முடிவு 2025 சனவரியில் வெளியாயிற்று. அங்கே வலமும் இடமும் ஏறத்தாழச் சரிபாதியாகவே இருந்தன.